லூசெர்ன், இண்டர்லாகன், மோன்த்ரோ: ஆல்ப்ஸ் ஏரிக்கரையில் எங்கே தங்குவது?

சுவிட்சர்லாந்தில் ஒரு ஜூன் மாதம் ஏழு நாள் இருந்தோம். அந்த ஏழில் மலைகள் காலையிலிருந்து மாலைவரை முழுசாகத் தெரிந்தது இரண்டு நாள்தான். இரண்டு நாள் விடாத மழை. மீதி மூன்று நாளும் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பத்து மணிக்கு எதிரே நின்ற மலை பதினொரு மணிக்குக் காணாமல் போயிருக்கும். ஆல்ப்ஸ் கோடை என்றால் இப்படித்தான் என்று அங்கே ரயிலில் பேசிய ஒருவர் சொன்னார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியும் பனிமலையும் சேர்ந்த ஊரில் தங்க ஆசைப்படுகிற நம்மவர்கள் பெரும்பாலும் உச்சியைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்கிறார்கள். எந்த மலை உயரம், எங்கே பனி அதிகம் என்று தேடி, அதற்குப் பக்கத்தில் அறை எடுக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் எடுத்தேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். மலை தெரியாத நாளில் அந்த ஊரில் என்ன செய்வீர்கள்? அன்றைக்கும் மனம் நிறைகிற ஊர் எதுவோ அதில் தங்குங்கள்.

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். அடுத்த கோடையில் சித்தப்பா, சித்தி, மனைவி, எட்டு வயது மகளோடு போகிறான். சுவிட்சர்லாந்துக்கு என்று ஐந்து இரவு வைத்திருக்கிறான். லூசெர்ன், இண்டர்லாகன், மோன்த்ரோ என்று மூன்று பெயரைச் சொல்லி, "எதுண்ணா?" என்றான். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இண்டர்லாகனிலும் லூசெர்னிலும் நான் அப்பா, அம்மா, மகளோடு தங்கியது அந்த ஜூனில். மோன்த்ரோவுக்கு இன்னொரு முறை அக்டோபரில், மனைவியோடு மட்டும் போனேன்.

முதலில் இண்டர்லாகன். நம் ஊர்ச் சுற்றுலாக் குழுக்கள் அதிகம் இறங்குவது இங்கேதான். 'ஏரிகளுக்கு இடையில்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர். மேற்கே தூன் ஏரி, கிழக்கே பிரியென்ஸ் ஏரி, நடுவில் ஆரே ஆறு ஓடுகிற சமவெளி. ஊர் இருப்பது அந்தச் சமவெளியில். இதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. 'ஏரிக்கு அருகே' என்று போட்டிருந்த விளம்பரத்தை நம்பி, சமையலறை உள்ள ஒரு வீட்டை எடுத்துவிட்டேன். போய் இறங்கினால் ஏரி அரைமணி நேர நடைத் தூரத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூரை. காலையில் காபி டம்ளரோடு தண்ணீர்ப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று அம்மா சென்னையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கோ மூட்டுவலி. நான்கு நாளில் ஒரு காலைகூட அது நடக்கவில்லை. இண்டர்லாகனில் தங்குவதை ஏரிக்கரையில் தங்குவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு ஏரிகளுக்கும் போகிற வழியில் தங்குகிறோம், அவ்வளவுதான். படகு மட்டும் ஊருக்குள்ளேயே வரும். மேற்கு ரயில் நிலையத்தின் பின்னாலிருந்து தூன் ஏரிக்கு ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். கிழக்கு நிலையத்தின் பின்னால் ஆரே ஆற்றிலிருந்து பிரியென்ஸ் ஏரிக்குப் படகு கிளம்பும்.

சரி, அப்படியானால் ஏன் எல்லாரும் இங்கே வருகிறார்கள்? ஊர் நடுவில் ஹோஹெமாட்டே என்று 14 ஹெக்டேர் புல்வெளி இருக்கிறது. அதில் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1864-இலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அதன் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் தெற்கே மலைப்பிளவு வழியாக யுங்ஃப்ராவ் சிகரம், 4,158 மீட்டர், முழு வெள்ளையாக எதிரே நிற்கும். மேலிருந்து பாராகிளைடர்கள் ஒவ்வொன்றாக அந்தப் புல்லிலேயே வந்து இறங்குவார்கள். மழை நின்ற ஒரு சாயங்காலம் மேகம் கிழிந்து அந்த வெள்ளை முதலில் தெரிந்தபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதற்கு ஈடான காட்சி லூசெர்னிலும் இல்லை, மோன்த்ரோவிலும் இல்லை.

அப்புறம், அந்தச் சிகரத்தை ஒட்டிய யுங்ஃப்ராயோக் கணவாய்க்கு ஏறும் ரயில். அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் 1896-இல் வேலையைத் தொடங்கினார். முடியுமுன் அவர் இறந்துவிட்டார். ஐகர், மோன்க் என்ற இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்து 1912-இல் 3,454 மீட்டர் உயரத்தில் நிலையம் திறந்தார்கள். 2020 டிசம்பரில் கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற கேபிள் கார் வந்தபிறகு பயணம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கேபிள் காரில் 15 நிமிடம், அதன்பின் சுரங்க ரயில். மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ச் 20 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு வளைந்து இறங்குவதைப் பார்க்கலாம்.

ஆனால் இதெல்லாம் வானம் திறந்திருந்தால்தான். மூடியிருந்தால் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. இண்டர்லாகனிலிருந்து போய்வர, கோடையில் முழுக்கட்டணம் ஒருவருக்கு 200 பிராங்கைத் தாண்டும். ஐந்து பேர் குடும்பம் அவ்வளவு கொடுத்துவிட்டு வெள்ளையைப் பார்த்துத் திரும்புவது வேதனையான விஷயம். எங்களோடு ஒரே ரயிலில் வந்த ஒரு குஜராத்தி குடும்பத்துக்கு முந்தைய நாள் அப்படித்தான் ஆகியிருக்கிறது. மனசு கேட்காமல் மறுபடியும் டிக்கெட் வாங்கி ஏறியிருந்தார்கள். இண்டர்லாகனில் தங்குவதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. நாளைத் தேர்ந்தெடுக்கலாம். காலை ஆறரைக்கு எழுந்து உச்சியில் உள்ள நேரலைக் கேமராவைப் பார்த்து, தெளிவாக இருந்தால் கிளம்பலாம், இல்லையென்றால் தள்ளிப்போடலாம். லூசெர்னிலிருந்து வருகிறவருக்கு அந்த வசதி இல்லை. லூசெர்ன் முதல் இண்டர்லாகன் வரை மட்டுமே ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். அதன்மேல் யுங்ஃப்ராயோக் ஏறி இறங்கித் திரும்பினால் ஒரு நாள் முழுவதும் ரயிலிலேயே போய்விடும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 3,454 மீட்டரில் காற்று மெலிசு. ஆறு ஏழு படி வேகமாக ஏறினாலே தலை சுற்றும். அப்பா மேலே போனதும் கால்மணி நேரம் சுவரோரமாக உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நடந்தார். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

மழைநாளுக்கு இண்டர்லாகனில் ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். 20 நிமிட ரயில் தூரத்தில் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே செங்குத்தான பாறையிலிருந்து கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுகிற ஸ்டாப்பாக் அருவியைக் குடை பிடித்துக்கொண்டு பார்க்கலாம். மழையில் அது இன்னும் நன்றாக இருக்கும். கொஞ்சம் தள்ளி ட்ரூமெல்பாக் அருவிகள். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றின் பனி உருகிய நீரும் ஒரு மலைக்குள்ளேயே குடைந்துகொண்டு பத்துப் படியாக இறங்குகிறது. அதிகபட்சமாக நொடிக்கு 20,000 லிட்டர். உள்ளே நின்றால் பாறை அதிர்வது காலில் தெரியும். ஆனால் படிகள் நிறைய, எல்லாம் ஈரம். அம்மா பாதியில் நின்றுவிட்டாள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தூன் ஏரிக்கரையில் பியாட்டஸ் குகை உண்டு. இந்த இரண்டையும் ஒரே மழைநாளில் முடித்துவிட்டால் அடுத்த மழைநாளுக்கு இண்டர்லாகன் கடைத்தெருதான். அதில் கடிகாரம், சாக்லேட், மறுபடி கடிகாரம்.

இனி லூசெர்ன். இந்த ஊரை நான் கொஞ்சம் பாசத்தோடுதான் எழுதுவேன்.

ரயிலை விட்டு இறங்கி நிலையத்தின் வாசலைத் தாண்டினால் ஏரி. சாலையைக் கடந்தால் படகுத்துறை. இடதுபக்கம் ராய்ஸ் ஆறு ஏரியிலிருந்து புறப்படுகிற இடத்தில் கப்பெல்புரூக்கே என்ற மரப்பாலம் கோணலாக ஆற்றைக் கடக்கிறது. 14-ஆம் நூற்றாண்டுப் பாலம், 200 மீட்டர் நீளம். 1993 ஆகஸ்டில் இரவோடு இரவாக எரிந்து பெரும்பகுதி போய்விட்டது. எட்டே மாதத்தில் பழைய வடிவிலேயே கட்டி 1994-இல் திறந்தார்கள். கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கவில்லை. சில இடங்களில் கருகிய பலகையை அப்படியே விட்டிருக்கிறார்கள். மழை பெய்யும்போது அந்தக் கூரையின் கீழ் நடந்துபோனால் இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும்.

அப்பா இந்த ஊரில் தானாகவே காலையில் எழுந்து வெளியே போய்விடுவார். ஏரிக்கரை நடைபாதை முழுக்கச் சமதளம், நூறு அடிக்கு ஒரு பெஞ்ச். மூட்டுவலிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? அம்மாவின் காபியும் இங்கேதான் நடந்தது. ஒரு மத்தியானம் படித்துறையில் அவள் எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, உணவகச் சமையலறையில் வேலை முடித்துவிட்டு வந்த ஒருவர் நின்று, "எங்கேயிருந்து வாறீங்கள், அம்மா?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். 1980-களிலிருந்து இலங்கைப் போருக்குத் தப்பிப் போனவர்களில் பல ஆயிரம் பேர் இந்த நாட்டில் நிலைகொண்டிருக்கிறார்கள். அவர்தான் பெர்ன் நகரத்துக் கோயிலுக்குப் போகச் சொன்னார். ஐரோப்பா சதுக்கத்தில் 'சமயங்களின் இல்லம்' என்று 2014-இல் திறந்த கட்டடம். பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த வழிபாட்டிடம், சிவன் கோயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சிவன் கோயிலில் வழிபாடு தமிழில் நடக்கிறது. லூசெர்னிலிருந்தும் இண்டர்லாகனிலிருந்தும் பெர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். மழைநாளில் பெற்றோரை அழைத்துப் போக நல்ல இடம்.

லூசெர்ன் ஏரிக்கு உள்ளூர்ப் பெயர் நான்கு வன மாநிலங்களின் ஏரி என்று பொருள்படும். பரப்பு 114 சதுர கிலோமீட்டர். ஒரே வட்டமாக இல்லாமல் கை கையாகப் பிரிந்து மலைகளுக்கு நடுவே நுழைந்து போவதால், படகு ஒவ்வொரு முனையைத் திரும்பும்போதும் புதுசாக ஒரு ஏரி திறக்கிற மாதிரி இருக்கும். இந்த ஏரியில் இன்னும் ஐந்து துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் ஓடுகின்றன. அதில் மூத்தது 'ஊரி', 1901-இல் கட்டியது. கப்பலின் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தால் எண்ணெய் மின்னுகிற இயந்திரத் தண்டுகள் சுழல்வது தெரியும். என் மகள் காட்சியைப் பார்க்காமல் அதையேதான் ஒரு மணி நேரம் பார்த்தாள். மேகம் முழுசாக மூடிய நாளில் நாங்கள் செய்தது இந்தப் படகுப் பயணம்தான். மலைகளின் அடிப்பாகம் மட்டும் தெரிய, வெள்ளைப் பஞ்சு பாதியில் நின்றது. அன்றைய படங்கள்தான் வீட்டில் மாட்டியிருக்கின்றன.

லூசெர்னின் மலைகள் உயரத்தில் சிறியவை. ரிகி 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பிலாட்டஸ் 2,128 மீட்டர். கோடையில் இரண்டிலும் பனி இருக்காது. ஆனால் ஏறுகிற வழியே ஒரு அனுபவம். ஏரிக்கரைக் கிராமமான விட்ஸ்னாவிலிருந்து ரிகிக்கு 1871-இல் போட்டதுதான் ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில். பிலாட்டஸ் ரயில் 1889-இல் வந்தது. 48 சதவீதச் சரிவு, இன்றைக்கும் உலகத்தின் மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில் அதுதான். ரிகிக்குப் படகில் விட்ஸ்னா போய், ரயிலில் ஏறி, இறங்கும்போது பாதி வழியில் உள்ள கால்ட்பாடிலிருந்து கேபிள் காரில் வெக்கிஸ் வந்து, மறுபடி படகில் திரும்பலாம். ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் இந்தச் சுற்று முழுவதற்கும் தனியாக ஒரு காசு தர வேண்டாம். இலையுதிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்போது ஊர்மேல் பல நாள் மூடுபனி படுத்திருக்கும். கீழே சாம்பல் நிறம். ரிகி மேலே போனால் வெயில், காலடியில் மேகக்கடல். அந்த மாதங்களில் உயரம் குறைந்த இந்த மலையே போதும்.

பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால் லூசெர்னிலிருந்து முக்கால் மணி நேரத்தில் எங்கல்பெர்க் போய் டிட்லிஸ் ஏறலாம். சிகரம் 3,238 மீட்டர், கேபிள் கார் 3,000 மீட்டருக்கு மேல் விடும். கடைசிக் கட்டத்தில் கேபிள் கார் தானே சுழன்றுகொண்டு ஏறும். கோடையிலும் பனி உண்டு. பனியில் சறுக்கி, பனிப்பந்து எறிந்து விளையாடுவதுதான் ஆசை என்றால் யுங்ஃப்ராயோக்கும் டிட்லிஸும் குழந்தைக்கு ஒன்றுதான். வித்தியாசம் பெரியவர்களின் கண்ணுக்குத்தான். அலெட்ச் பனியாறு டிட்லிஸில் கிடையாது.

முழு மழைநாளில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-இலிருந்து ரயில், விமானம், கப்பல் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஏறி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் போதாது. பாறையில் செதுக்கிய சாகும் சிங்கத்தின் சிலை 1821-இலிருந்து இருக்கிறது, பாரிஸில் 1792-இல் இறந்த சுவிஸ் காவல் வீரர்களுக்காகச் செய்தது. அதற்குப் பக்கத்திலேயே பனியுகம் பாறையில் குடைந்த குழிகளைக் காட்டும் பனியாற்றுத் தோட்டம்.

குறைகள்? காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை பாலத்திலும் சிங்கத்தின் முன்னாலும் பேருந்துக் கூட்டம் நெரியும். அறை வாடகை அதிகம். மொட்டைப் பாறைகள் தெரியுமே தவிர, ஹோஹெமாட்டேயில் தெரிகிற அந்த வெள்ளைச் சுவர் இங்கே ஜன்னலில் வராது. கூட்டத்தைத் தவிர்க்க நினைத்தால் வெக்கிஸ், விட்ஸ்னா போன்ற கரையோரக் கிராமங்களில் தங்கலாம். மாலையில் கடைசிப் படகு நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மோன்த்ரோ பற்றி எனக்குச் சொல்ல இருப்பது குறைவு. அது இந்த இரண்டோடும் ஒரே தட்டில் வைக்கிற ஊர் இல்லை. ஜெனீவா ஏரி 580 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரை பிரான்ஸ். கடல் மாதிரிதான் உணர்வோம். உயரம் 372 மீட்டர்தான், காலநிலை இதமானது, கரையில் பனைவகை மரங்கள் நிற்கின்றன. பேச்சு பிரெஞ்சு. அக்டோபரில் நாங்கள் போனபோது மேற்கே லவோ திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாகியிருந்தன. மத்தியகாலத்துத் துறவிகள் தொடங்கி வைத்த படிக்கட்டுத் தோட்டங்கள், 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அங்கே மூன்று சூரியன் என்று ஒரு பேச்சு உண்டு. வானத்துச் சூரியன் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் இரண்டு, பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகிற கற்சுவர் மூன்று. கிழக்கே கரையோரமாகவே முக்கால் மணி நேரம் பூக்களுக்கு நடுவே நடந்தால் ஷில்லோன் கோட்டை. ஏரிக்குள் ஒரு பாறைமேல் நிற்கிறது. போனிவார் என்ற துறவித் தலைவரை 1530 முதல் 1536 வரை இங்கே சிறை வைத்திருந்தார்கள், அதில் கடைசி நான்கு ஆண்டு நிலவறையில் தூணோடு கட்டி. நிலவறை ஜன்னல் வழியாகத் தண்ணீரின் ஒளி கூரையில் ஆடுகிறது. மழையானாலும் வெயிலானாலும் அது அங்கே இருக்கும். மோன்த்ரோவின் பலம் அதுதான். அதன் அழகு மலையுச்சியை நம்பி இல்லை.

ஆனால் முதல் பயணத்தில், குழந்தையோடு, பனியைத் தேடிப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. நிலையத்திலிருந்தே ரோஷெ-த-நேய் உச்சிக்கு, 2,042 மீட்டர், பல்சக்கர ரயில் இருக்கிறது. காட்சி அருமை, கோடையில் பனி இல்லை. நிலையமே கரையைவிட மேலே இருக்கிறது, ஊர் சரிவில் ஏறுகிறது, அதனால் விடுதி எந்த உயரத்தில் என்று பார்த்து எடுக்க வேண்டும். ஜூலையில் ஜாஸ் விழா, 1967-இலிருந்து நடப்பது. அந்த இரண்டு வாரம் அறை கிடைப்பது சிரமம். 2022 டிசம்பரிலிருந்து மோன்த்ரோவுக்கும் இண்டர்லாகனுக்கும் நேரடியாக கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. வழியில் குறுகிய தண்டவாளத்திலிருந்து அதைவிட அகலமான தண்டவாளத்துக்கு ஏற்பச் சக்கரங்களின் இடைவெளியையே மாற்றிக்கொண்டு மூன்றேகால் மணி நேரத்தில் போகும். ஜெனீவாவில் இறங்கி உள்ளே வருகிறவர்கள் மோன்த்ரோவில் ஒரு இரவு தங்கி, மறுநாள் இந்த ரயிலில் ஏறினால் அழகாக இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிவு எடுக்க முடியாது. சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கிறது. ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அடங்கும். பெற்றோரில் ஒருவர் பாஸ் வைத்திருந்தால் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குடும்ப அட்டை இலவசம். தாத்தா பாட்டியின் பாஸில் இது வராது, அப்பா அம்மா பெயரில் இருக்க வேண்டும். இந்தப் பாஸில் ரிகியும், லூசெர்னுக்குப் பக்கத்து ஸ்டான்சர்ஹோர்ன் மலையும் முழுசாக அடக்கம். பிலாட்டஸ், டிட்லிஸ் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராயோக்குக்குக் கால்பங்கு தள்ளுபடி மட்டும். ஆகவே லூசெர்னில் தங்கினால் பாஸே பாதிப் பயணத்தைப் பார்த்துக்கொள்ளும். இண்டர்லாகனில் தங்கினால் ஒவ்வொரு உச்சிக்கும் தனியாகப் பை திறக்க வேண்டியிருக்கும். அங்கேயே ஐந்து நாள் கிடக்கப் போகிறவர்கள் பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ் என்ற வட்டாரப் பாஸைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் இண்டர்லாகனுக்கு ஒரு படி மேலிடம். இந்திய உணவகங்கள் நிறைய. ஆனாலும் தினமும் வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. எந்த ஊரானாலும் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். கூப், மிக்ரோ கடைகளில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முதல் மூன்று இரவு லூசெர்ன். விமானம் சூரிக்கில் இறங்குவதால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயில், சித்தப்பாவுக்கு அலைச்சல் இல்லை. மூன்று நாளில் எது எப்படிப் போனாலும் படகும் பாலமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. தெளிவான நாள் ஒன்று வந்தால் ரிகி. கடைசி இரண்டு இரவு யுங்ஃப்ராவ் பக்கம். ஆனால் இண்டர்லாகனுக்குள் இல்லை, பிரியென்ஸில்.

பிரியென்ஸை நான் அந்த அக்டோபர் பயணத்தில்தான் கண்டுகொண்டேன். ரயில் நிலையமும் படகுத்துறையும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சாலைக்கு எதிரே ரோட்ஹோர்ன் மலை ரயிலின் நிலையம். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து ஏரி பால்விட்ட பச்சைநீலமாக இருக்கும், மேகமூட்டத்திலும் அந்த நிறம் மாறவில்லை. மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். இண்டர்லாகன் கிழக்கு நிலையத்துக்கு 20 நிமிடம். ரோட்ஹோர்ன் ரயில் 1892-இலிருந்து 2,244 மீட்டர் வரை நீராவியில் ஏறுகிறது. நம் நீலகிரி மலை ரயிலும் அதுவும் ஆப்ட் என்ற ஒரே பல்சக்கர முறை. இரண்டிலும் ஓடிய பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் செய்தவை. மேட்டுப்பாளையத்தில் பிறந்த சித்திக்கு அந்தக் கூவல் உடனே புரிந்துவிடும். கோடை மாதங்களில் மட்டும்தான் ஓடும். 2024 ஆகஸ்டில் பெருமழையில் ஊருக்குள் ஓடை உடைத்துக்கொண்டு வந்து வீடுகளையும் பாதையையும் நாசம் செய்தது. ஆகவே கிளம்புமுன் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டே இரவுக்குள் யுங்ஃப்ராயோக் தெளியாமல் போகலாம். அப்படியானால் லாட்டர்புருன்னன் பார்த்துவிட்டு, ஏரியில் சுற்றிவிட்டு வரட்டும். இதையே தலைகீழாகச் சொல்ல வேண்டியவர்களும் உண்டு. இளம் ஜோடி, நல்ல கால்வலு, மலையில் நடக்க ஆசை, உச்சியைப் பார்க்காமல் திரும்ப மனசில்லை என்றால் ஐந்து இரவையும் யுங்ஃப்ராவ் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து காலைகளில் ஒன்று திறந்துவிட வாய்ப்பு அதிகம். ஏப்ரலிலும் நவம்பரிலும் போகிறவர்கள் மட்டும் கேபிள் கார்களின் பராமரிப்பு விடுமுறைத் தேதிகளைப் பார்க்காமல் அறை எடுக்க வேண்டாம்.

நேற்று ராத்திரி தம்பி அறைகளைப் பதிவு செய்துவிட்டான். லூசெர்னில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, பிரியென்ஸில் கரையிலேயே. வரைபடத்தில் தூரத்தை அளந்து எனக்குப் படம் அனுப்பினான். யுங்ஃப்ராயோக் டிக்கெட்டை மட்டும் வாங்கவில்லை. அதை அங்கே போய், காலையில் கேமராவைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வான்.